கல்பாலத்தில் வைத்த படையல்

1

இன்னொருவனின் தம்பியை என் தம்பி என்று சொல்லி இந்த நாட்டில் இருக்க இடம் வாங்கியவன் நான்.

எனக்குத் தம்பி இல்லை. நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. ஆனால் ஜெர்மன் அரசின் ஏதோ ஒரு கோப்பில், எனக்குக் குணசீலன் என்று பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் இருந்ததாகவும், ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றடியில் வைத்து அவனை இராணுவம் சுட்டதாகவும், உடலைக் கதவுப் பலகையில் கிடத்தி நானே வீட்டுக்குக் கொண்டுவந்ததாகவும் எழுதியிருக்கிறது. சுட்டது உண்மை. கதவுப் பலகையும் உண்மை. கொண்டுவந்தவன் நான் அல்ல, அவனுடைய சொந்த அண்ணன் இராசு.

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. இதை வாசிக்கும் ஊரவர் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்தவன், படித்தவன், நல்ல குடும்பம் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்றே எழுதுகிறேன்.

2

நான் இருப்பது ரேகன்ஸ்பூர்க் நகரில், டானூப் ஆற்றின் வடகரையில். பழைய கல்பாலம் ஒன்று இந்தக் கரையைத் தென்கரை நகரத்தோடு சேர்க்கிறது. காலையில் பாலத்தைக் கடந்து போய், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். மனைவி கமலா இறந்த பிறகு அரை இறாத்தல் பாணே இரண்டு நாளைக்குக் காணும். என்றாலும் தினமும் போகிறேன்.

பாலத்துக்கு எண்ணூற்று எண்பதுக்கும் மேலே வயது. ஆயிரத்து நூற்று முப்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் ஆறு வற்றிக் கிடந்தபோது தொடங்கி, பதினொரு வருடத்தில் முடித்தார்கள். பதினாறு வளைவுகள். கரையோரத்து வளைவொன்று இப்போது கட்டடங்களுக்குள் மறைந்துவிட்டது. மூன்று கோபுரங்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம். இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில், பின்வாங்கிய ஜெர்மன் படையே இதில் சில வளைவுகளை வெடிவைத்துத் தகர்த்தது. பல வருடம் அந்த இடைவெளியை மரத்தால் ஒப்பேற்றி வைத்திருந்து, பிறகே கல்லால் கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பாலங்களை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தேன். பாலத்தைப் பார்க்கத் தெரிந்தவன் இராசு.

அவன் கல் கட்டுகிறவன். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டி, உள்ளே வட்டமாகக் கல் அடுக்கிக் கட்டுவது அவனுடைய தொழில். எண்பதுகளின் நடுவில் இருவரும் வடகரையில் இருந்த அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. நகரத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. பகல் முழுவதும் பாலத்தில் நடப்போம்.

முதல் நாளே அவன் படிக்கட்டால் இறங்கிப்போய், வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"ஓவசியர், இஞ்ச வந்து பாரும். இது பாலமில்லை, கிணறு."

"என்னடாப்பா கிணறு?"

"பாதிக் கிணத்தைப் படுக்கப் போட்டிருக்கிறாங்கள். கிணத்துக்குள்ள சுத்திவரக் கல்லை வைச்சா மண் நெருக்கும். நெருக்க நெருக்கக் கல்லு ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிக்கும். இஞ்ச மண்ணுக்குப் பதிலா மேல போற சனத்தின்ர பாரம். அவ்வளவுதான்."

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் படித்ததை அவன் மூன்று வசனத்தில் சொல்லி முடித்தான். "எத்தினை மூட்டை சீமெந்து போயிருக்கும்?" என்று கேட்டான். சீமெந்தே இல்லை, சுண்ணாம்புச் சாந்துதான் என்றேன். "அப்ப எங்கட கோயில் மதில்தான்" என்று கல்லைத் தட்டிக் கொடுத்தான்.

தூண்கள் ஒவ்வொன்றையும் சுற்றி, தண்ணீருக்குள் தோணி வடிவில் கல்மேடை கட்டியிருக்கிறார்கள். தூணின் அடியில் கிடக்கும் ஓக் மரங்களை ஆறு அரித்துவிடாமல் இருப்பதற்காக. அந்த மேடைகள் ஆற்றின் வழியில் பாதியை அடைத்துவிடுவதால், மிச்ச இடத்தில் தண்ணீர் நெருங்கிப் பாய்ந்து, பாலத்தைத் தாண்டியதும் பெரிய சுழிகளாகச் சுற்றும். அந்தக் காலத்தில் பல படகுகள் அதில் கவிழ்ந்தனவாம்.

"தன்ர காலைக் காப்பாத்தப் போய் மற்றவனைத் தாக்கிறார் பாலம்" என்று இராசு சிரித்தான். நானும் சிரித்தேன்.

3

பாலத்தின் நடுவில், உயர்ந்த இடத்தில், சின்னக் கூரை வடிவக் கல்லின் மேல் ஒரு மனிதச் சிலை உட்கார்ந்திருக்கிறது. ஒரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நகரத்தைப் பார்க்கும். ஊர்க்காரர் அதைப் பாலத்து மனிதன் என்பார்கள்.

அதற்கு ஒரு கதை உண்டு. பாலம் கட்டியவனும் தேவாலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் பிடித்தார்களாம். பாலக்காரன் சாத்தானின் உதவியைக் கேட்டானாம். பாலத்தில் முதலில் கடக்கும் மூன்று உயிரும் எனக்கு என்றதாம் சாத்தான். பாலம் முடிந்ததும் அவன் சேவலையும் கோழியையும் நாயையும் முதலில் துரத்திவிட்டுத் தப்பிக்கொண்டானாம். சிலை, தேவாலயம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறதாம். உண்மையில் பாலம் முடிந்து நூறு வருடத்துக்குப் பிறகுதான் இன்றைய தேவாலயத்தைத் தொடங்கினார்கள். கதையில் ஆண்டு பொருந்தவில்லை. ஆனாலும் நூற்றாண்டுகளாக ஒருவரும் அதைத் தள்ளுபடி செய்யவில்லை.

இந்தக் கதையை நான் இராசுவுக்குச் சொன்ன நாளில்தான் அவன் தன் கதையைச் சொன்னான். சிலையையே பார்த்துக்கொண்டு நின்றவன், "குணமும் உப்பிடித்தான்" என்றான்.

"ஆர் குணம்?"

"என்ர தம்பி. கிணத்துக்க நிண்டு நான் மேல பாப்பன். அவன் விளிம்பில நிண்டு, வெயிலுக்குக் கையை உப்பிடிப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு பாப்பான். கல்லை இறக்கட்டோ அண்ணை எண்டு கேப்பான்."

பிறகு ஒழுங்கில்லாமல் சொன்னான். கிணற்றுக்குள் நின்றபோது வெடிச் சத்தம் கேட்டதைச் சொன்னான். மேலே கூப்பிட்டும் பதில் வராததைச் சொன்னான். கயிற்றில் ஏறி வந்து கண்டதைச் சொன்னான். இடையில் கதவுப் பலகைக்குப் போனான், திரும்ப வந்தான், தாயைச் சொன்னான், மறுபடியும் கயிற்றைச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்கும்போதே மனதுக்குள் அதை ஒழுங்குபடுத்தினேன். இது முதல், இது பிறகு, இது கடைசி. அது என் தொழில் பழக்கம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

4

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் 'கேஸ்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். விசாரணையில் நீ சொல்லப்போகும் கதை. படித்தவர்கள் மற்றவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பார்கள். நானும் எழுதினேன். எழுத எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. பயம் இருந்தது, வேலை போயிருந்தது, இரண்டு தரம் சோதனைச் சாவடியில் அடி வாங்கியிருந்தேன். அது போதாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஊரில் கமலாவும் கைக்குழந்தை மயூரியும் இருந்தார்கள்.

விசாரணைக்கு எனக்கு முதலில் கடிதம் வந்தது. இராசுவுக்கு ஒன்பது நாள் பிந்தி.

அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்ததும் குணத்தை என் தம்பி என்று சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேன். தேதி சொன்னேன், கிணற்றின் ஆழம் சொன்னேன், பலகையின் எந்த முனையை நான் பிடித்தேன் என்றும் சொன்னேன். மொழிபெயர்த்த தமிழர் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பல்ல. அதனால்தான் இன்னும் கூசுகிறது.

இராசு போய்வந்த நாளில், "நான் சொன்னதை அவங்கள் வடிவாக் கேக்கேல்லை, ஓவசியர்" என்றான்.

என்னை ஏற்றுக்கொண்டார்கள். அவனுக்கு மறுப்பு வந்தது. அவனுக்கு ஜெர்மன் தெரியாது. நான் அகராதியை வைத்து வாசிப்பேன் என்பதால் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தான். அதே விடுதியில் இருக்கும் இன்னொருவர் இதே சம்பவத்தை இதே விவரங்களோடு முன்னரே கூறியுள்ளார், ஆகவே இது சொல்லிக் கொடுக்கப்பட்ட கதை என்று அதில் எழுதியிருந்தது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"என்னவாம்?"

"சாட்சி காணாதாம்."

"சாட்சிக்குக் குணத்தையே கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் ஏற்பு போகும், கமலாவும் பிள்ளையும் வரமுடியாது என்று நினைத்தேன். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஊரில் இராசு போன்றவர்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுதான் பேசுவார்கள். அவர்களுடையதை வாங்கிக்கொள்வது எங்களுக்குப் பழகியிருந்தது.

அடுத்த வருடம் கமலாவும் மயூரியும் வந்தார்கள். இராசுவைத் திருப்பி அனுப்பவில்லை. டுல்டுங் என்ற தற்காலிகத் தாளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தவேண்டிய தாள். அந்தத் தாளோடு மனைவியைக் கூப்பிட ஏலாது. பதினொரு வருடம் அப்படி இருந்தான். அதற்குள் அவன் மனைவி புஷ்பம் இடப்பெயர்வில் காய்ச்சல் வந்து, மருந்தில்லாமல் செத்துப்போனாள். பிறகு அவனுக்கு விசா கிடைத்தது. ஹனோவருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

5

ஒரு பொய்யைக் கோப்புக்குள் வைத்தால் அது அங்கேயே கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.

மயூரிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த நேரம், பழைய விசாரணைத் தாளோடு எல்லாம் மேசையில் பரவிக் கிடந்தன. அவள் என்னைவிட நன்றாக ஜெர்மன் வாசிப்பாள்.

"அப்பா, எனக்கொரு சித்தப்பா இருந்தவரோ?"

ஓம் என்றேன்.

"படம் இருக்கோ?"

"எல்லாம் எரிஞ்சுபோச்சு."

"ஆரைப் போல இருப்பார்?"

கமலா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "கண் உன்னைப் போல" என்றேன்.

அந்த வருடத்திலிருந்து திவசம். நாளை அவளே கலண்டரில் குறித்தாள், விளக்கை அவளே ஏற்றினாள். கமலா சமைக்கமாட்டேன் என்றுவிட்டாள். "ஆரோ பெத்த பிள்ளைக்கு நாங்கள் சோறு படைக்கிறம். அந்தத் தாய்க்குத் தெரிஞ்சா வயிறெரியாதோ?" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சோற்றையும் பருப்பையும் நானே காய்ச்சினேன். காகத்துக்கு வைக்க இங்கே முற்றம் இல்லை. பிள்ளை வாழையிலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டில் படையலை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போவாள். சிலைக்குக் கிட்ட வைப்பாள். கடற்பறவை போல வெள்ளைப் பறவைகள் வந்து கொத்தும். "சித்தப்பா சாப்பிட்டிட்டார்" என்பாள். இராசு எனக்குத் தன் தம்பியைச் சொன்ன இடம் அதுதான். நான் அவளை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை.

வளர வளர மயூரி எங்களிடமிருந்து விலகிப் போனாள். தமிழ் குறைந்தது, கோயிலுக்கு வருவதை விட்டாள், டார்ம்ஸ்டாட்டில் வேலை, கல்யாணம், தனி வீடு. மிஞ்சியது அந்த ஒரு நாள்தான். எங்கிருந்தாலும் ரயில் ஏறி வருவாள். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒரே பாலம் இன்னொருவனின் செத்த தம்பி.

6

சென்ற வருடத் திவசத்தன்று, பாலத்தில் வெறும் தட்டை மடித்துக்கொண்டே மயூரி சொன்னாள். அவள் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை.

"அப்பா, மாசியில என்ர வகுப்புக்கு வரவேணும். போரைக் கண்டவை வந்து பிள்ளையளுக்குச் சொல்லுவினம். இந்தமுறை நீங்கள். நாளும் நேரமும் குறிச்சு டெர்மின் எல்லாம் போட்டாச்சு."

"என்னால ஏலாது பிள்ளை."

"சித்தப்பான்ர கதையைச் சொன்னாக் காணும். நான் பக்கத்தில நிப்பன்."

என் கையைப் பிடித்தாள். பெரிய பிள்ளையான பிறகு அவள் என் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

மாசி நெருங்க நெருங்கத் தூக்கமில்லை. ஒரு பெண் வழக்கறிஞரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இராசு சொன்னதுதான் உண்மை, நான் சொன்னது திருட்டு என்று. உங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதன் பிறகு ஹனோவருக்கு ரயில் எடுத்தேன்.

இராசு நாலாம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தான். உணவகக் குசினியில் இருபது வருடம் நின்ற கால்கள் வீங்கியிருந்தன. கதவைத் திறந்து வழிவிட்டான்.

"ஓவசியர். வாங்கோ. இருங்கோ."

முன்பு 'நீர்' என்றுதான் பேசுவான். நான் இருக்காமல், நின்றபடியே சொன்னேன். ரயிலில் மனப்பாடம் பண்ணியிருந்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"ஓம்."

"எனக்கு முப்பத்தைஞ்சு வருசமாத் தெரியும். அந்தக் கடிதத்தைப் பிறகு ஒரு வக்கீலிட்டைக் குடுத்தனான். அவர் வாசிச்சுச் சொன்னார், உன்ர அறைக்குள்ள ஆரோ உன்ர கேஸை எடுத்திட்டான் எண்டு. அறைக்குள்ள நீங்கள் ஒராள்தானே."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா? உங்களையும் மறுப்பாங்கள். எனக்குத் தந்துவிடுவாங்களோ? அதோட, ஓவசியரை நம்பாமல் என்னை ஆர் நம்பிறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவன் கோப்பையைத் துடைத்தான். புஷ்பத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "அவளை விடுங்கோ" என்றான். பிறகு மயூரி வைக்கும் விளக்கைப் பற்றியும் படையலைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவன் கோப்பையை வைத்துவிட்டு முதல்தரம் என் முகத்தைப் பார்த்தான்.

"நான் இஞ்ச தனிய ஒரு மெழுகுதிரி வைக்கிறன். நீங்கள் குடும்பமா விளக்கு வைக்கிறியள். விசாவை வைச்சிருங்கோ, ஓவசியர். என்ர தம்பியைத் திருப்பித் தாங்கோ."

7

அடுத்த சனிக்கிழமை டார்ம்ஸ்டாட்டுக்குப் போய் மயூரிக்குச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வகுப்பில் மாணவர் சொல்வதைக் கேட்பதுபோல.

"அப்ப எனக்குச் சித்தப்பா இல்லை."

"இல்லை."

"நான் இவ்வளவு வருசமும் ஆருக்கு அழுதனான்?"

"இராசுவின்ர தம்பிக்கு."

"அம்மாவுக்கும் இது தெரிஞ்சிருந்ததோ?"

"தெரிஞ்சிருந்தது."

எழுந்து போய் யன்னலைத் திறந்தாள். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். இந்த நாட்டில் நாற்பது வருடம் இருந்தும் எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. திருப்பிக் கேட்கவும் துணிவில்லை. கடைசியில் தமிழில், "அவற்ற நம்பரைத் தாங்கோ. தந்திட்டு நீங்கள் போங்கோ" என்றாள்.

வகுப்புக்கு இராசுவைக் கூப்பிட்டாளாம். இதை மருமகன் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். "பள்ளிக்கூடத்துக்கு வரேலாது பிள்ளை. உன்ர தேப்பன் எல்லாத்தையும் வடிவாச் சொல்லி முடிச்சிட்டான். அதைவிட எனக்குச் சொல்லத் தெரியாது" என்றானாம். ஆனால் பாலத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறான். சில வருடங்களுக்கு முன் பாலத்தைப் பழுதுபார்த்துப் புதுக்கல் பதித்தார்கள், அதைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்று.

இந்த ஆவணியில் திவசம் வந்தது. மயூரியிடமிருந்து முதல் நாள் ஒரு செய்தி. "நாளைக்கு நாங்கள் பாலத்தில நிப்பம். நீங்கள் வரவேண்டாம், அப்பா."

போகவில்லை. அன்று காலை பாணும் வாங்கவில்லை. பாலத்துக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் நான்கு நிமிடம். பழக்கத்தில் அரிசியைக் கழுவிவிட்டேன். கழுவிய அரிசியோடு குசினியில் நின்றேன். மத்தியானம் நல்ல வெயில். இராசு படிக்கட்டால் இறங்கி வளைவுக்குக் கீழே போயிருப்பானோ, இந்தக் காலோடு இறங்க முடியுமோ, மயூரிக்கு அவன் கிணற்றைச் சொல்லியிருப்பானோ என்றெல்லாம் யோசித்தேன். அந்தச் சோற்றை இந்த வருடம் யார் காய்ச்சினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பின்னேரம் கைபேசியில் ஒரு படம் வந்தது. மயூரி அனுப்பியிருந்தாள். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படம், மடித்த இடத்தில் வெடித்திருந்தது. பாதி கட்டிய கிணற்றின் விளிம்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெடியன். மெலிந்த உடம்பு, பெரிய காது. நாற்பது வருடம் என் தம்பியாக இருந்தவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மயூரியைப் போல என்று நான் சொன்ன கண்ணை மட்டும் தேடினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயிலுக்குக் கையை நெற்றியில் பிடித்திருக்கிறான். கண் இருக்கும் இடம் முழுவதும் நிழல்.